வலைக்கு ஒரு சுவர்

1999-ல் நின்டெண்டோ 64 கருவிக்காக ஒரு சூப்பர்மேன் கேம் வந்தது. மிக மோசமான வீடியோ கேம்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதற்கு இன்றும் ஓர் இடம் உண்டு. பறக்கத் தெரிந்த, குண்டு துளைக்காத, மலையைத் தூக்கும் ஒருவனைக் கையில் கொடுத்துவிட்டு, வானத்தில் வரிசையாகத் தொங்கும் வளையங்களுக்குள் நுழைந்து நுழைந்து போகச் சொன்னார்கள். எங்கும் போகக்கூடியவனுக்கு எங்கே போவதில் சுவை இருக்கும் என்ற கேள்விக்கு அந்த கேமிடம் பதில் இல்லை. நகரமோ மூட்டத்துக்குள் கிடந்தது. தொலைவிலுள்ள கட்டடங்களை வரைந்துகாட்டக் கருவிக்குச் சக்தி போதவில்லை. அதை மறைக்க, வில்லன்தான் கிரிப்டனைட் மூட்டத்தைப் பரப்பிவிட்டான் என்று கதையில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2004-ல், இன்னொரு சூப்பர் ஹீரோ கேம் இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து தொடங்கியது. இந்த ஹீரோவுக்குப் பறக்கத் தெரியாது. கையிலிருந்து நூல் வரும். ஆனால் பக்கத்தில் ஒரு கட்டடம் இருந்தால்தான் அது ஒட்டும். கட்டடம் இல்லையென்றால் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் அவன் கீழே விழுவான். ‘ஸ்பைடர்மேன் 2’. டிரேயார்க் நிறுவனம் உருவாக்கி, ஆக்டிவிஷன் வெளியிட்டது. சாம் ரைமி இயக்கிய படம் அந்த ஆண்டு ஜூன் 30 அன்று திரைக்கு வந்தபோது கேமும் கூடவே கடைகளுக்கு வந்தது. பள்ளிக்கூட நாள்களில் நான் உயிராய் நேசித்த கேம் அது. நண்பன் ஒருவன் தன் ப்ளேஸ்டேஷன் 2-ஐயும் டிஸ்க்கையும் இத்தனை ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்ததால், முதலிலிருந்து கடைசிவரை மறுபடி விளையாடிப் பார்க்க முடிந்தது.

விளையாடி முடித்தபின் எனக்கு ஓர் எண்ணம் உறுதியானது. அந்த கேமில் இருந்த பெரும்பாலானவற்றுக்கு நன்றாகவே வயதாகிவிட்டது. நகர்வுக்கு மட்டும் ஆகவில்லை. அதற்குக் காரணம், அந்த நூலுக்கு ஒரு சுவர் தேவைப்பட்டதுதான்.

வானத்தில் ஒட்டிய நூல்

அதற்கு முன் வந்தவற்றைப் பார்த்தால் இது விளங்கும். 2000-ல் நெவர்சாஃப்ட் செய்த ஸ்பைடர்மேன் அருமையான கேம். ஸ்கேட்போர்டு விளையாட்டான டோனி ஹாக்குக்காக அவர்கள் எழுதிய அதே இன்ஜினின் மேல் கட்டப்பட்டது. ஸ்டான் லீயே குரல் கொடுத்திருந்தார். ஆனால் தெருவில் இறங்க முடியாது. மாடிகளுக்குக் கீழே நகரம் முழுக்கப் புகை. இங்கேயும் வில்லன்கள் மேல்தான் பழி.

2002-ல் முதல் படத்தோடு வந்த கேமைச் செய்தவர்கள் டிரேயார்க். அதில் மாடிக்கு மாடி தாவலாம், வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே நூலில் ஆடியபடி போகலாம். ஆனால் அந்த நூல் எங்கே ஒட்டியிருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தால், எதிலும் இல்லை. திரைக்கு மேலே எங்கோ போகும், வானத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கையில் நூல் இருந்தாலும் நடப்பது பறத்தல்தான். கட்டடங்கள் அங்கே வெறும் படுதா.

டிரேயார்க்கில் நிரலாளராக இருந்த ஜேமி ஃபிரிஸ்ட்ராமுக்கு இது உறுத்தியது. நூல் உண்மையான கட்டடத்தில் உண்மையான ஒரு புள்ளியில் ஒட்ட வேண்டும். அந்தப் புள்ளியிலிருந்து உடம்பு ஊசலாட வேண்டும். எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்பதை விளையாடுபவர் முடிவு செய்ய வேண்டும். இதுதான் அவருடைய யோசனை. அதற்கு ஒரு மாதிரி வடிவத்தைத் தானே எழுதிக் காட்டினார். அடுத்த கேமுக்கு அதுவே அடித்தளம் ஆனது. தொழில்நுட்ப இயக்குநர் பொறுப்பும் அவருடையது.

இதிலிருந்த துணிச்சலை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. படத்தோடு சேர்ந்து வரும் கேம்களுக்கு அந்தக் காலத்தில் நல்ல பெயர் கிடையாது. படம் வெளியாகும் தேதி மாறாது. கேம் தயாரோ இல்லையோ அந்தத் தேதிக்குள் டப்பாவில் போட்டாக வேண்டும். அப்படிப்பட்ட அவசரத்தில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எளிய முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கற்றுக்கொள்ளக் கடினமான ஒன்றைக் குழந்தைகள் விளையாடும் கேமில் வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

நூல் கட்டடத்தில் ஒட்ட வேண்டும் என்றதும் மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வந்தது. அப்படியானால் கட்டடங்கள் வேண்டும்; ஒரு தெருவில் மட்டும் இருந்தால் போதாது; மான்ஹாட்டன் முழுவதும் வேண்டும். 2001-ல் வந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ ஒரு நகரத்தை முழுசாகத் திறந்துவிட முடியும் என்று காட்டியிருந்தது. ஆனால் அங்கே நகரம் தரையில் இருந்தது, சாலைதான் வழி. இங்கே சாலையிலிருந்து எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சிவரை எல்லாமே வழி.

விடும் கணம்

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஊஞ்சலில் எழுந்து நின்று ஆடியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஊசலின் வேகம் அடிப்புள்ளியில்தான் உச்சம். நூலை அந்த இடத்தைத் தாண்டியதும் விட்டால் உடம்பு முன்னால் பாயும். இன்னும் கொஞ்சம் பொறுத்து, வளைவு மேலேறும்போது விட்டால் உயரம் கிடைக்கும், வேகம் குறையும். மேலே போய் நின்றபின் விட்டால் ஒன்றுமே கிடைக்காது. கல்லாக விழ வேண்டியதுதான். ஒவ்வொரு வீச்சிலும் இந்த முடிவை எடுக்க வேண்டும். உயரமா, வேகமா?

அடுத்தது பக்கம். நூல் வலப்பக்கக் கட்டடத்தில் ஒட்டினால் உடம்பு அந்தப் பக்கமே வளையும். உடனே இடப்பக்கம் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் சுவரில் மோத வேண்டும். மோதினால் அதுவும் வீணல்ல: சுவரிலேயே ஓடலாம், அங்கிருந்து உதைத்துத் தாவலாம். இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது தெருமுனை. முனையிலிருக்கும் கட்டடத்தில் நூலை ஒட்டிவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டால், உடம்பு அதைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குள் பாயும். திருப்பம் என்று கேமில் தனியாக எந்த வசதியும் இல்லை. திரும்பியது ஊசலின் விதியால், திருப்பியது நாம்.

மான்ஹாட்டனின் வடிவமே கேமின் எளிமையும் கடினமுமாக மாறியது. நகரின் நடுப்பகுதியில் அறுபது எழுபது மாடிக் கட்டடங்கள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் ஒரே நூலில் எவ்வளவோ தூரம் போகலாம். தாழ்வான வீடுகள் இருக்கும் பகுதிக்கு வந்தால் நூல் குட்டையாகிவிடும். கால் தரையை உரசும். சென்ட்ரல் பார்க்கின் திறந்த வெளிக்கு வந்தால் இறங்கி ஓட வேண்டியதுதான். சுதந்திர தேவி சிலை இருக்கும் தீவுக்குப் போக வேண்டுமா? நடுவில் கடல். கட்டடம் ஏது? அந்தப் பக்கம் போகும் ஹெலிகாப்டருக்காகக் காத்திருந்து அதன் அடியில் நூலை ஒட்டித் தொங்கிக்கொண்டு போன பையன்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அப்படிச் செய்யலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நூல் எதில் ஒட்டும் என்ற விதியை அறிந்தவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தது.

மணிக்கணக்கில் வாங்கிய வானம்

திருச்சி தில்லைநகரில் ஒரு கேம்ஸ் கடை இருந்தது. நாலைந்து டிவிப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ப்ளேஸ்டேஷன், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். மணிக்கு இவ்வளவு என்று காசு. கடைக்கார அண்ணன் நோட்டில் நேரம் குறித்துக்கொள்வார். “அண்ணே, அஞ்சு நிமிஷம்ணே, இந்த பில்டிங் மட்டும்” என்று கெஞ்சாமல் எந்தப் பையனும் எழுந்ததில்லை.

அப்பா தலைமுறைக்கு ‘ஸ்பைடர்’ என்றால் லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர்தான். அது பிரிட்டிஷ் காமிக்ஸ் ஒன்றிலிருந்து வந்த வேறோர் ஆள். குற்றவுலகின் சக்கரவர்த்தியாகத் தொடங்கியவன். எங்களுக்கோ ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கராகத் தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்த டோபி மக்வயர். பீட்டர் பார்க்கரைப் படத்தில் பார்த்துவிட்டு நேராக இந்தக் கடைக்கு வந்தவர்கள் நாங்கள்.

அங்கே நான் கவனித்த ஒன்று இந்தக் கட்டுரைக்கு முக்கியம். காசு கொடுத்து மணிக்கணக்கில் விளையாடுபவன் நேரத்தை வீணாக்க மாட்டான். மற்ற கேம்களில் பையன்கள் அடுத்த ஸ்டேஜ், அடுத்த பாஸ் என்றுதான் அலைவார்கள். ‘ஸ்பைடர்மேன் 2’ ஓடும் டிவியில் மட்டும் யாரும் மிஷன் செய்யவில்லை. எம்பயர் ஸ்டேட் உச்சிக்கு ஏறுவார்கள், குதிப்பார்கள், தரை நெருங்கும்வரை நூல் விடாமல் விழுவார்கள், கடைசி நொடியில் பிடிப்பார்கள். மறுபடி ஏறுவார்கள். ஒரு மணி நேரமும் அதுவே. பக்கத்து நாற்காலிக்காரன் தன் கேமை நிறுத்திவிட்டு இதைப் பார்ப்பான். மெமரி கார்டில் யாருடைய சேமிப்பை யார் அழித்தார்கள் என்ற சண்டை மற்ற கேம்களுக்குத்தான் வந்தது. இங்கே சேமிக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. கற்றுக்கொண்டது விரலில் இருந்தது.

வயதானவை

இப்போது விளையாடும்போது குறைகள் பளிச்சென்று தெரிகின்றன. அவற்றை மறைப்பது அந்த கேமுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நகரத்து மக்கள் ஒரே நாலு முகங்களைப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். கார் திருட்டு, நகைக்கடைக் கொள்ளை, மாடி விளிம்பில் தொங்கும் ஆள், முழுகும் படகு என்று உதவி கேட்கும் சம்பவங்கள் சுற்றிச் சுற்றி அவையேதான். அவர்கள் கத்தும் வசனங்களும் அவையேதான். பலூனைத் தவறவிட்டு அழும் குழந்தையின் குரலை என் தலைமுறையில் யாரும் மறந்திருக்க முடியாது. கதை அடுத்த அத்தியாயத்துக்கு நகர வேண்டுமென்றால், முதலில் இத்தனை ‘ஹீரோ புள்ளி’ சேர்த்து வா என்று நிறுத்திவைக்கிறது. கட்டடங்களுக்குள் நடக்கும் சண்டைகள் சலிப்பானவை. கூரைக்கு அடியில் நூலுக்கு வேலை இல்லை. நூல் இல்லாதபோது இந்த கேமுக்குச் சொல்ல அதிகம் இல்லை.

இரண்டு இடங்கள் மட்டும் விதிவிலக்கு. ஒன்று மிஸ்டீரியோ என்ற வில்லன். சாதாரணப் பெட்டிக்கடை போன்ற ஒரு மளிகைக் கடைக்குள் அவனைச் சந்திக்கிறோம். திரையில் அவனுடைய உயிர்க்கோடு நிரம்புகிறது, இன்னொரு கோடு, அதன் மேல் இன்னொரு கோடு. பெரிய யுத்தம் என்று தயாராகி ஒரு குத்து விட்டால், மூன்று கோடுகளும் ஒரேயடியாகக் காலியாகின்றன. மாயாஜாலமே பிழைப்பாக வைத்திருப்பவனைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இருபது ஆண்டுகள் கழித்தும் வாய்விட்டுச் சிரித்தேன்.

இன்னொன்று பீட்சா. பீட்டர் பார்க்கர் வாடகை கட்டக் காசில்லாத மாணவன். குறித்த நேரத்துக்குள் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்போது பின்னணியில் ‘ஃபூனிகுலி ஃபூனிகுலா’ என்ற நேப்பிள்ஸ் நகரத்துப் பாட்டின் மெட்டு துள்ளிக்கொண்டு ஓடும். அந்த மெட்டை இன்று எங்கே கேட்டாலும் கேம் விளையாடியவர்களுக்கு உள்ளங்கை வியர்க்கும். 1880-ல் லூயிஜி டென்சா அதற்கு இசையமைத்தார். வெசுவியஸ் எரிமலைச் சரிவில் கம்பி வடத்தால் இழுக்கப்படும் ரயில் ஒன்று திறக்கப்பட்டதைக் கொண்டாட எழுந்த பாட்டு. வடத்தைப் பிடித்து மேலே ஏறுவதைப் பற்றிய பாட்டு! தெரிந்துதான் வைத்தார்களா, இத்தாலிய மெட்டு பீட்சாவுக்குப் பொருந்தும் என்று வைத்தார்களா? எப்படியானாலும் அதைவிடப் பொருத்தமானது கிடைத்திருக்காது. இந்த மிஷன்களில் சண்டை கிடையாது, வில்லன் கிடையாது. வேகமாக, அதே நேரம் குலுங்காமல் போக வேண்டும். காற்றில் குட்டிக்கரணம் அடித்தால் பீட்சா கெட்டுவிடும். நகர்வில் கைதேர்ந்தவனுக்கு வைக்கும் பரீட்சை அது. கேமின் மிகச் சிறந்த பகுதி அதுதான் என்பேன்.

கணினிக்கு வந்த ‘ஸ்பைடர்மேன் 2’ பற்றியும் சொல்ல வேண்டும். நம்மூரில் ப்ளேஸ்டேஷன் இருந்த வீடுகள் குறைவு. படிப்புக்கென்று வாங்கிய கணினி இருந்த வீடுகள் அதிகம். ஆனால் அதே பெயரோடு கணினிக்கு வந்தது வேறொரு குழு செய்த வேறொரு கேம். சிறுவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதில் நூல் ஒட்டும் இடங்களைத் தனியாகக் குறித்துவைத்திருந்தார்கள். குறி இருக்கும் இடத்தில் பட்டனை அமுக்கினால் போதும், ஊசல் தானே நடக்கும். தழுவியது அதே படத்தைத்தான், ஹீரோவும் அவன்தான். கணினியில் மட்டும் விளையாடிய என் சித்தப்பா மகனுக்கு, நாங்கள் ஏன் அந்த கேமைப் பற்றி இப்படி உருகுகிறோம் என்பது கடைசிவரை புரியவில்லை. கட்டடத்தைத் தேடும் வேலையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அதோடு எல்லாம் போய்விட்டது.

அக்கா மகன்

என் அக்கா மகனுக்கு இந்தப் பழைய கேம் கிடைத்தபோது அவன் ஸ்பைடர்மேனில் ஏற்கெனவே பழம் தின்று கொட்டை போட்டவன். 2018-ல் இன்சோம்னியாக் நிறுவனம் ப்ளேஸ்டேஷன் 4-க்குச் செய்த ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்’ முதல் மூன்று நாளிலேயே 33 லட்சம் பிரதிகள் விற்றது. 2020-ல் மைல்ஸ் மொராலஸ், 2023-ல் அடுத்த பாகம். மூன்றும் அவனுக்கு அத்துப்படி. எனக்கும் அவை பிடிக்கும். மாலை வெயில் மான்ஹாட்டன் கண்ணாடிச் சுவர்களில் விழுவதை அவற்றில் பார்ப்பதே ஓர் இன்பம். டோபி மக்வயர் அணிந்த உடையை 2018 டிசம்பரில் இலவசமாகச் சேர்த்தபோது என் வயதுக்காரர்கள் குதூகலித்தார்கள்.

அவனிடம் பழைய கன்ட்ரோலரைக் கொடுத்தேன். முதல் கட்டடத்திலிருந்து குதித்தான்.

“மாமா, அமுக்குறேன், நூலே வரமாட்டேங்குது!”

“பக்கத்துல என்ன இருக்குன்னு பாரு.”

“ஒண்ணுமில்லையே.”

“அப்ப எதுல ஒட்டும்?”

அவன் கையை விட்டுத் திரையையே பார்த்தான். புதிய கேம்களிலும் நூல் கட்டடத்தில்தான் ஒட்டுகிறது. ஆனால் விளையாடுபவர் என்ன செய்ய நினைக்கிறார் என்று ஊகித்து, நல்ல புள்ளியாகத் தேடி, வளைவைச் சரிசெய்து கொடுக்க அங்கே ஆள் இருக்கிறது. தவறான இடத்தில் விட்டாலும் அழகாகவே தெரியும். 2018-ல் வந்ததில் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடாது. ஒருமுறைகூட அசிங்கமாகத் தெரியாத ஸ்பைடர்மேனை உருவாக்கியிருக்கிறார்கள். அது பெரிய கைவேலை. எல்லா வயதினரும், முதன்முறை கன்ட்ரோலர் பிடிப்பவரும் நகரத்தைச் சுற்றிவர முடிகிறது. அது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனாலும் பழையதில் என் மருமகன் விழுந்து எழுந்து, தெருமுனையில் முதன்முறையாகச் சரியாகத் திரும்பியபோது அவன் போட்ட கூச்சலை, புதியதை விளையாடும்போது நான் கேட்டதில்லை. அந்தத் திருப்பம் அவனுடையது. கேம் கொடுத்தது கட்டடத்தையும் நூலையும் மட்டும்.

எங்கே கிடைக்கும்?

இதைப் படித்துவிட்டு விளையாடத் தோன்றினால், நேர்வழியில் வாங்க இன்று ஒரு கடையும் இல்லை. ஸ்பைடர்மேன் பாத்திரம் மார்வெலுடையது, படம் சோனியுடையது, கேம் ஆக்டிவிஷன் வெளியிட்டது. 2014-க்குப் பின் ஆக்டிவிஷனிடமிருந்து புதிய ஸ்பைடர்மேன் கேம் வரவில்லை. பழையவற்றை மறுபதிப்பாகக் கொண்டுவர யாரும் முன்வரவில்லை. டிரேயார்க்கோ ‘கால் ஆஃப் டியூட்டி’ பக்கம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஃபிரிஸ்ட்ராம் பின்னாளில் அங்கிருந்து வெளியேறி, நூலில் ஊசலாடுவதை மட்டுமே மையமாக வைத்து ‘எனர்ஜி ஹுக்’ என்று சொந்தமாக ஒரு சிறு கேம் செய்தார். அந்த யோசனை அவரை விடவில்லை.

இந்த நிலை இந்த ஒரு கேமுக்கு மட்டும் அல்ல. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. 15 கோடிக்கும் மேல் விற்ற ப்ளேஸ்டேஷன் 2-வின் தயாரிப்பு 2013-ல் நின்றது. கைவசம் உள்ள கருவிகளில் டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ் ஒவ்வொன்றாகத் தேய்ந்துவருகிறது; பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைகிறார்கள். பழைய படத்துக்குப் பிரதி எடுத்துக் காக்க ஆவணக் காப்பகம் இருக்கிறது, பழைய நூலுக்கு நூலகம் இருக்கிறது. ஒரு தலைமுறையின் விரல்களுக்கு இயற்பியல் கற்றுக்கொடுத்த ஒன்றைக் காப்பது உரிமம் வைத்திருப்பவர்களின் பொறுப்பு. அவர்கள் செய்யாதபோது, தங்கள் டிஸ்க்கைப் படியெடுத்து, கணினியில் ஓடும்படி எமுலேட்டர் எழுதிப் பல ஆண்டுகளாகப் பராமரிக்கும் ரசிகர்களால்தான் அது உயிரோடு இருக்கிறது. அவர்களுக்கு நான் நன்றியுள்ளவன்.

பழைய கேம் கிடைக்காதவர்களுக்கு அதன் அனுபவத்தை நெருங்க ஒரு வழி இருக்கிறது. இன்சோம்னியாக்கின் 2023 கேமில் செட்டிங்ஸுக்குள் போனால் ஊசலாட்டத்துக்கு கேம் எவ்வளவு உதவ வேண்டும் என்பதை 10-லிருந்து 0 வரை மாற்றும் வசதி வைத்திருக்கிறார்கள். விழுந்தால் அடிபட வேண்டுமா என்பதற்கும் தனியாக ஒரு தேர்வு உண்டு. கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள், செய்தவர்களும் காதுகொடுத்திருக்கிறார்கள். பழைய டிஸ்க்கை நண்பனிடம் திருப்பிக் கொடுத்த மறுநாள் அக்காவிடமிருந்து போன். “இவன் என்னமோ மாத்தி வச்சுக்கிட்டு காலையிலேருந்து கீழ விழுந்துக்கிட்டே இருக்கான். கேட்டா, மாமா மாதிரி ஜீரோல விளையாடுறேன்ங்கறான். என்னடா சொல்லிக்குடுத்த?”